‘1,650 ரவுண்டு’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சொல்லுக்கு இணையான சொல். ஜாலியன்வாலாபாக் படுகொலை பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கம் செய்கிறீர்கள். டயரின் படை ‘1,650 ரவுண்டு’ சுட்டது என்று அதில் வருகிறது. ‘1,650 சுற்று’ என்று போட்டுவிட்டீர்கள். படித்துப் பார்த்த ஒரு நண்பர் ‘தோட்டா’ என்று திருத்தியிருக்கிறார். யாழ்ப்பாணத்து நண்பர் ‘ரவை’ என்கிறார். ‘குண்டு’ என்றால் எல்லாருக்கும் புரியுமே என்று உங்களுக்கே தோன்றுகிறது. இதில் எது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த 1,650 எதை எண்ணி வந்த எண்? எத்தனை முறை சுட்டார்கள் என்பதையா, எத்தனை பேர் சுட்டார்கள் என்பதையா, துப்பாக்கிகளிலிருந்து எத்தனை குண்டு கிளம்பியது என்பதையா? அது தெளிந்துவிட்டால் சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் தரைப்படையில் 22 ஆண்டுகள் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் யூனிட்டின் ஆயுத அறையிலும் (அதை ‘கோத்’ என்போம்) அம்யூனிஷன் கணக்கிலும் கழிந்தது. ரைபிள், ஸ்டென் (சிறிய எந்திரத் துப்பாக்கி), எல்.எம்.ஜி. (இலகு எந்திரத் துப்பாக்கி), பிஸ்டல் இவற்றின் தோட்டாக்களைக் கையால் எண்ணியே பழகியவன். பீரங்கியைப் பொறுத்தவரை பக்கத்தில் நின்று பார்த்த அனுபவம்தான். மொழி ஆராய்ச்சி செய்தவனும் இல்லை. அதனால் பொருளைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லை யார் எப்படிப் புழங்குகிறார்கள் என்று சொல்வதைக் காதில் கேட்டவனின் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியானது. ராணுவத்திலும் போலீசிலும் ஒரு ரவுண்டு என்றால், ஒரு துப்பாக்கியை ஒரே ஒரு தடவை வெடிக்க வைக்கத் தேவையான முழுப் பொருள். எஸ்.எல்.ஆர். ரைபிளில் போடும் 7.62 மி.மீ. ரவுண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும், எடை சுமார் 24 கிராம். மஞ்சளாக மின்னுகிற நீண்ட கூடு பித்தளை: எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். அதன் அடியில் நடுவே ஒரு சின்ன வட்டம் பதிந்திருக்கும். அதுதான் கேப். ஊசி வந்து தட்டினால் முதலில் தீப்பிடிப்பது அது. கூட்டுக்குள்ளே சுமார் 3 கிராம் வெடிமருந்து, சுருக்கமாக மருந்து என்போம். கூட்டின் வாயில் செருகியிருக்கிற கூர்முனைதான் குண்டு, அது 10 கிராமுக்கும் குறைவு. கூடு, கேப், மருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தால் ஒரு ரவுண்டு. விசையை அழுத்தியதும் 10 கிராம்கூட இல்லாத அந்த முனை மட்டும் நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகத்தில் குழலை விட்டுப் போகும். மருந்து எரிந்து புகையாகிவிடும். மிச்சமிருக்கிற பித்தளைக் கூடு சூடாகப் பக்கவாட்டில் தெறித்து விழும். அதை நாங்கள் இந்தியில் ‘கோக்கா’ என்போம்.

அந்தக் கோக்காவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ‘ரவுண்டு’ என்பது கணக்குச் சொல் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரிந்ததல்ல, அதைத் தேடித் தேடித்தான் புரிந்தது. ஒருநாள் ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் மைதானத்தில், 40 பேருக்கு ஆளுக்கு 5 ரவுண்டு வீதம் 200 கொடுத்திருந்தேன். சுட்டு முடித்ததும் எண்ணிப் பார்த்தால் கோக்கா 199. ஒன்று குறைந்தால் யாரும் லாரியில் ஏற முடியாது. 40 பேரும் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக மண்டியிட்டு, புல்லைக் கையால் விலக்கிக்கொண்டே நகர்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒரு மணி நேரம் கழித்து, மடித்து விட்டிருந்த சட்டைக் கையின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு பையன் அதை எடுத்து நீட்டினான். பக்கத்தில் படுத்திருந்தவனின் ரைபிளிலிருந்து தெறித்தது அங்கே போய் ஒளிந்திருக்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொருவனும் விறைப்பாக நின்று, ‘என்னிடம் ரவுண்டோ காலிக் கோக்காவோ இல்லை, சாப்’ என்று உறுதிமொழி சொன்ன பிறகுதான் புறப்பட்டோம். ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், ஒரு கோக்கா திரும்பி வரவில்லை என்றால் ஒரு ரவுண்டு உண்மையில் சுடப்பட்டதற்கு அத்தாட்சி இல்லை. சுடப்படாத அந்த ஒன்று யாரோ ஒருவரின் பையில் இருக்கலாம்.

ஆகவே ரவுண்டை எண்ண இரண்டு வழி உண்டு. கொடுத்ததிலிருந்து திரும்பி வந்ததைக் கழிப்பது ஒன்று, தரையில் கிடக்கும் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணுவது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போனால் கணக்கு நேர்.

சரி, பிறகு ‘சுற்று’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அது உங்கள் பிழை இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கே அந்தப் பொருள்தான் முதலில் இருந்தது. குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் இடித்துப் போட்டுச் சுட்ட காலத்தில் சிப்பாய்கள் வரிசையாக நின்று கட்டளைக்கு ஒன்றாகச் சுடுவார்கள். வரிசையில் இருக்கும் எல்லாரும் ஆளுக்கு ஒரு தடவை சுட்டு முடித்தால் அது ஒரு ரவுண்டு. பந்தியில் எல்லா இலைக்கும் ஒரு தடவை சாம்பார் போய் வந்தால் ஒரு சுற்று முடிந்தது என்கிறோமே, அதே மாதிரி. அந்த ஒரு சுற்றுக்கு ஒரு சிப்பாய்க்குத் தேவைப்படும் மருந்து, குண்டு எவ்வளவோ அதையும் நாளடைவில் ரவுண்டு என்றே சொன்னார்கள். ‘ஆளுக்கு 20 ரவுண்டு’ என்றால் 20 சுற்றுக்குப் போதுமான சரக்கு. இப்படித்தான் சுற்றைக் குறித்த சொல் சரக்கைக் குறிக்க வந்துவிட்டது. வரிசையில் நின்று சுடும் முறை போய், ஆளாளுக்குத் தனித்தனியாகச் சுடும் காலம் வந்த பிறகும் சரக்கின் பெயர் நிலைத்துவிட்டது. இன்று ராணுவக் கணக்குப் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்குச் சரக்கு என்ற பொருள் மட்டும்தான்.

இதை வைத்து உங்கள் கட்டுரைக்குப் போவோம். 1919 ஏப்ரல் 13 அன்று பிரிகேடியர் ஜெனரல் ரெஜினால்ட் டயர் தொண்ணூறு பேருடன் அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தார். அதில் 50 பேரிடம் ரைபிள், 40 கூர்க்காக்களிடம் குக்ரிக் கத்தி மட்டும். எந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வண்டிகளும் கூட வந்தன. சந்து குறுகலாக இருந்ததால் அவை வெளியே நின்றுவிட்டன. எச்சரிக்கை எதுவும் இல்லாமல் சுமார் 10 நிமிடம் சுட்டார்கள். செலவானது 1,650 ரவுண்டு. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 379 பேர். காங்கிரஸ் நடத்திய விசாரணை ஆயிரம் பேர் வரை என்றது. இறந்தவர்களின் எண்ணிக்கையில் நூறு ஆண்டு கடந்தும் ஒருமித்த கருத்து இல்லை. தோட்டாவின் எண்ணிக்கையில் மட்டும் பெரிய சர்ச்சை இல்லை. சிப்பாய்கள் பொறுக்கிய காலிக் கூடுகளை எண்ணி வந்த தொகை அது என்று சொல்லப்படுகிறது. அது எப்படி எண்ணப்பட்டது என்பதில் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கோத்தில் இருந்தவன் என்ற முறையில், ஒரு படைப்பிரிவு வேறு எதை எண்ணாவிட்டாலும் இதை எண்ணும் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது ‘1,650 சுற்று’ என்று எழுதினால் என்ன ஆகும் பாருங்கள். தமிழ் வாசகருக்குச் சுற்று என்றால் எல்லாரும் ஒரு தடவை. 50 பேர் 1,650 சுற்று என்றால் 82,500 குண்டு. 10 நிமிடத்தில் 50 ரைபிள்களால் அது நடக்கவே நடக்காது. இன்னொரு வாசகர், ‘1,650 தடவை சுட்டார்கள் போல’ என்று பொத்தாம்பொதுவாகப் படித்துக் கடந்துவிடுவார். ‘1,650 தோட்டா’ என்று எழுதினால்தான் வகுத்துப் பார்க்க முடியும். 50 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 33. இது சராசரிதான், ஒவ்வொருவரும் சரியாக 33 சுட்டார்கள் என்று பொருள் இல்லை. ஆனால் அந்தச் சராசரியே நிறையச் சொல்கிறது. அவர்கள் கையில் இருந்தது .303 ரைபிள், நம் ஊரில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொல்வோமே, அதுதான். அதன் மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில், 10 ரவுண்டு பிடிக்கும். 33 சுட வேண்டுமானால் நடுவில் குறைந்தது மூன்று தடவையாவது சுடுவதை நிறுத்தி, பையிலிருந்து தோட்டாவை எடுத்து நிரப்பியிருக்க வேண்டும். அப்படி நிரப்பும்போது எதிரே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது.

அதைவிட முக்கியமானது வேகம். 10 நிமிடத்தில் 33 என்றால் நிமிடத்துக்கு மூன்று சொச்சம். நன்றாகப் பழகிய சிப்பாய் அந்த ரைபிளில் நிமிடத்துக்கு 15 ரவுண்டு குறிபார்த்தே சுடுவான், பயிற்சியில் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு வேகம்தான் இது. பயத்தில், பதற்றத்தில் கையில் இருப்பதை எல்லாம் வாரி இறைத்தவர்களின் வேகம் இது இல்லை. நிதானமாக, கட்டளை கேட்டு, திசை மாற்றிச் சுட்டவர்களின் வேகம். கூட்டம் அடர்த்தியாக இருந்த பக்கம் பார்த்துச் சுட வைத்ததையும், கவச வண்டிகள் உள்ளே வர முடிந்திருந்தால் எந்திரத் துப்பாக்கியையும் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பதையும் அரசு அமைத்த விசாரணைக் குழுவான ஹண்டர் குழு முன் டயரே ஒப்புக்கொண்டார். அந்த வாக்குமூலத்தை ஒதுக்கி வைத்தாலும், 1,650, 50, 10 என்ற மூன்று எண்களே அதைச் சொல்லிவிடுகின்றன. அதனால்தான் அந்த ஒரு சொல் தவறாகப் போய்விடக் கூடாது என்று இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சுற்று என்ற சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மிகப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு, நம் ஊர்ச் செய்தியிலேயே அடிக்கடி வரும். பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பரில் மறைந்தபோது, தாமரைப்பாக்கத்தில் ‘72 குண்டுகள் முழங்க’ காவல்துறை மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். 72 ரைபிள்கள் அங்கே இல்லை. 24 காவலர்கள் மூன்று தடவை சுட்டார்கள். ஒவ்வொரு தடவையும் 24 துப்பாக்கியும் ஒரே சத்தமாக வெடிக்கும். இங்கே சுற்று மூன்று, ரவுண்டு 72. பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே மைதானத்தில் அருகருகே நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இதில் இருக்கிறது. அந்த 72-இல் ஒரு குண்டுகூடக் கிடையாது. மரியாதைக்குச் சுடுவது பிளாங்க் ரவுண்டு. கூடு, கேப், மருந்து மூன்றும் இருக்கும், முனையில் குண்டு இருக்காது, வாயைக் கசக்கி மூடியிருப்பார்கள். சத்தத்துக்கும் புகைக்கும் மட்டும்தான் அது. இருந்தாலும் ‘குண்டுகள் முழங்க’ என்பது தமிழில் நிலைபெற்ற மரபுத்தொடர், அதை மாற்றச் சொல்ல மாட்டேன். முழங்குவது என்ற வினை கூட இருப்பதால் யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை.

ஆனால் ‘வெற்றுத் தோட்டா’ என்று செய்தியில் வரும்போது எனக்குச் சங்கடம்தான். சிலர் அதைப் பிளாங்க் என்ற பொருளில் எழுதுகிறார்கள். சிலர் சுட்டு முடித்த காலிக் கூட்டை அப்படி எழுதுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. ‘சம்பவ இடத்தில் மூன்று வெற்றுத் தோட்டாக்கள் கிடந்தன’ என்றால், அங்கே மூன்று தடவை சுடப்பட்டது என்று பொருளா, குண்டில்லாத மூன்று தோட்டா சுடப்படாமல் கிடந்தது என்று பொருளா? பெரும்பாலும் முதல் பொருள்தான், சூழலை வைத்து ஊகித்துக்கொள்கிறோம். இதில் மூன்றாவதும் உண்டு. டம்மி, அதாவது பயிற்சிக்கும் படப்பிடிப்புக்கும் வைத்திருப்பது, மருந்தும் இருக்காது, வெடிக்கவும் வெடிக்காது. நிஜம், பிளாங்க், டம்மி ஆகியவற்றைப் பிரித்து அறியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்தது சாட்சி. ‘ரஸ்ட்’ என்ற படத்தின் ஒத்திகையில், டம்மி இருக்க வேண்டிய ரிவால்வரில் நிஜ ரவுண்டு ஒன்று கலந்திருந்தது. ஒளிப்பதிவாளர் ஹாலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். பிளாங்க்கும் விளையாட்டுப் பொருள் அல்ல. குழலின் வாயிலிருந்து சீறி வரும் சூடான வாயு மிக அருகில் இருக்கும் ஆளைக் கொல்லவும் செய்யும். அதனால் நான் எழுதுவதாக இருந்தால் சுட்டு முடித்ததைக் ‘காலி உறை’ என்றும், மற்றதைப் ‘பிளாங்க் தோட்டா’ என்றும் எழுதுவேன். பிளாங்க் என்பது நம் மக்களுக்குப் புரிகிற சொல்தான்.

அப்புறம் உங்கள் நண்பர்கள் சொன்ன மற்ற சொற்கள். தோட்டா என்பதுதான் கார்ட்ரிட்ஜுக்கு நம்மிடம் நெடுநாளாக இருக்கிற சொல். 1857 எழுச்சி பற்றிப் பள்ளியில் படித்தபோது ‘கொழுப்பு தடவிய தோட்டா’ என்று எல்லாரும் மனப்பாடம் செய்திருப்போம். அந்தத் தோட்டா பித்தளை இல்லை, காகிதம். காகிதச் சுருளுக்குள் மருந்தும் குண்டும் இருக்கும். நுனியைப் பல்லால் கடித்துப் பிய்த்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை உள்ளே இடிக்க வேண்டும். பல்லில் பட்டதால்தான் கொழுப்பு அவ்வளவு பெரிய விஷயமானது. பற்ற வைக்கும் கேப் அன்று தனியாக இருந்தது. அது கூட்டோடு சேர்ந்த பிறகுதான் தோட்டாவும் ரவுண்டும் ஒன்றாயின. கிணறு வெட்டுகிறவர்களும் கல் குவாரியில் வேலை செய்கிறவர்களும் பாறைக்கு வைக்கும் வெடியையும் தோட்டா என்பார்கள். பொட்டலமாகக் கட்டிய வெடிமருந்து என்ற அடிப்படைப் பொருள் இரண்டிலும் ஒன்றுதான்.

குண்டு என்றால் உருண்டை. ஈய உருண்டையைப் போட்டுச் சுட்ட காலத்துச் சொல். முனை கூராகி நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அதே பெயர். ஆங்கிலத்திலும் ராணுவத்தார் சாதாரண நிஜ ரவுண்டை இன்றும் ‘பால்’ என்கிறார்கள், பெட்டியின் மேலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். தமிழில் குண்டு என்ற சொல்லின் சுமை அதிகம். வெடிகுண்டு, கையெறிகுண்டு, பீரங்கிக் குண்டு, அணுகுண்டு எல்லாம் அதற்குள் அடக்கம். ‘குண்டு பாய்ந்தது’ என்றால் துப்பாக்கி, ‘குண்டு வெடித்தது’ என்றால் வெடிகுண்டு. வினைச்சொல்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. நாட்டுத் துப்பாக்கியால் சுட்ட செய்தியில் ‘பால்ரஸ் குண்டு’ என்று வருமே, அது சைக்கிள், மோட்டார் பேரிங்கில் இருக்கும் எஃகு உருண்டை. மருந்தையும் பால்ரஸையும் தனித்தனியாகக் குழலில் இடித்துப் போடுவதால் அங்கே குண்டு உண்டு, தோட்டா கிடையாது.

ரவையும் சன்னமும் இலங்கைத் தமிழில் உயிரோடு இருக்கிற சொற்கள். அங்கே ‘துப்பாக்கி ரவைகள் மீட்பு’ என்பது வழக்கமான தலைப்பு. மேகசினை ‘ரவைக்கூடு’ என்கிறார்கள், எவ்வளவு அழகான சொல்! சன்னம் என்பதை உடலில் பாய்ந்த குண்டுக்கோ சிதறலுக்கோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆக ரவை என்பது கிட்டத்தட்ட நம் தோட்டா, சன்னம் என்பது நம் குண்டு. இந்தக் கோடு எல்லார் எழுத்திலும் இவ்வளவு நேராக இருக்காது. உங்கள் வாசகர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள் என்றால் ரவை என்றதும் உப்புமாதான் நினைவுக்கு வரும். இலங்கை வாசகர்களுக்கு எழுதினால் உங்கள் நண்பர் சொல்வதே சரி.

ஒரு ரவுண்டு என்றால் ஒரு குண்டு என்று எப்போதும் வைத்துக்கொள்ளலாமா? ரைபிளிலும் பிஸ்டலிலும் ஆம். 12 போர் துப்பாக்கியில் இல்லை. அதன் ஒரு தோட்டாவுக்குள் பெரிய ஈய உருண்டைகள் ஏழெட்டு இருக்கலாம், சிறிய பெல்லட் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். ஒரு ரவுண்டு சுட்டு நாலு பேருக்குக் காயம் என்றால் அதில் முரண் இல்லை. அதேபோல ஒரு தடவை விசையை அழுத்தினால் ஒரு ரவுண்டு என்பதும் எப்போதும் உண்மை இல்லை. நம் இன்சாஸ் ரைபிளில் ஒரு அழுத்துக்கு மூன்று ரவுண்டு போகும்படி வைக்கலாம். ஏ.கே.47 விசையை விடாமல் பிடித்தால் நொடிக்குப் பத்து வீதம், 30 ரவுண்டு மேகசின் மூன்றே நொடியில் காலி. பெரிய பீரங்கிகளில் குண்டு, மருந்துப் பை, பற்ற வைக்கும் பொருள், முனையில் பொருத்தும் ஃபியூஸ் எல்லாம் தனித்தனியாக வரும். அவை எல்லாம் சேர்ந்து ஒரு தடவை வெடித்தால் அங்கும் ஒரு ரவுண்டுதான். அங்கே தோட்டா என்று எழுத முடியாது, ‘பீரங்கிக் குண்டு’ என்பதே பொருந்தும்.

இனி சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி. ‘போலீசார் மூன்று ரவுண்டு சுட்டனர்’ என்று செய்தி வந்தால், 10-க்கு 9 தடவை அது மூன்று தோட்டா. போலீஸ் அறிக்கையில் இருக்கும் எண்ணை நிருபர் அப்படியே எடுத்து எழுதியிருப்பார், அறிக்கை கோத் கணக்கிலிருந்து வந்திருக்கும். ஆனால் ‘மூன்று சுற்று துப்பாக்கிச் சூடு’ என்று வந்தால் என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று தோட்டாவாக இருக்கலாம், பலர் சேர்ந்து மூன்று தடவையாக இருக்கலாம், இடைவெளி விட்டு மூன்று முறை மோதல் நடந்ததாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் எத்தனை பேர் சுட்டார்கள், எந்தத் துப்பாக்கி, எத்தனை காலி உறை கிடைத்தது என்று தேடிப் பார்க்க வேண்டும். எதுவும் கிடைக்கவில்லை என்றால், மூலத்தில் இருப்பது போலவே ‘ரவுண்டு’ என்று தமிழ் எழுத்தில் விட்டுவிடுவது நேர்மை. மொழிபெயர்க்கிறேன் என்று ஊகத்தை உண்மையாக்கிவிடக் கூடாது.

உங்கள் கட்டுரையில் அந்தச் சந்தேகம் இல்லை. பொருளும் தெரியும், துப்பாக்கியும் தெரியும், ஆட்களின் எண்ணிக்கையும் தெரியும். ‘பத்து நிமிடங்களில் ஐம்பது சிப்பாய்கள் 1,650 தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்தார்கள்’ என்று எழுதுங்கள். சுட்டவர்களின் பையிலிருந்து செலவானதைச் சொல்லும்போது தோட்டா. அதே கட்டுரையில் இன்றும் அந்தச் சுவர்களில் இருக்கும் தடங்களைப் பற்றி வருகிற இடத்தில் ‘குண்டு துளைத்த தடங்கள்’ என்று எழுதுங்கள், அங்கே தோட்டா என்றால் தவறு. சிப்பாய்கள் தரையிலிருந்து பொறுக்கியது பற்றி வந்தால் ‘காலி உறைகள்’. மூன்றுக்கும் எண் ஒன்றுதான், ஆனால் ஒன்று கிளம்பிய இடம், ஒன்று போய்ச் சேர்ந்த இடம், ஒன்று சுட்டவன் காலடி. .303 தோட்டாவில் எரிந்த மருந்தான கார்டைட் பற்றி உங்கள் கட்டுரையில் வரி ஏதாவது இருந்தால் அதையும் ‘கார்டைட்’ என்றே விட்டுவிடுங்கள். கயிறு போல நீள இழைகளாக இருப்பதால் வந்த பெயர் அது. நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில், மலை ரயில் நிற்கிற அருவங்காட்டில், அதைத் தயாரிக்கவே தொடங்கிய தொழிற்சாலை இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதே இல்லை.